கரண்ட் போன வீட்டுக்கு எந்த சார்ஜ் விளக்கு? டெல்டாவுக்கு ஏற்ற கணக்கு

எமர்ஜென்சி லைட் வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் அதை எரியவிட்டு நம் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். கண் கூசும். உடனே விலை பேசத் தொடங்கிவிடுவோம். அந்த வெளிச்சம் எத்தனை மணி நேரம் நிற்கும், நாலு மாதம் பரணில் கிடந்தபிறகும் எரியுமா என்ற இரண்டையும் கேட்கத் தோன்றாது. ஐப்பசியில் முதல் பெருமழைக்குக் கரண்ட் போகிற ராத்திரிதான் இரண்டுக்கும் பதில் கிடைக்கும்.

டெல்டாவில் கரண்ட் போவது மூன்று விதம். தென்னமட்டை கம்பியில் உரசியோ, ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போயோ அரை மணி முதல் இரண்டு மணி வரை போவது ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்கூட்டியே அறிவித்துக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியமோ மாலையோ விடுவது இன்னொன்று. மூன்றாவது புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி சுற்றுவட்டாரத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் வந்தால்தான் என்றும் இல்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப் பெய்தால் வெள்ளம் வடியும்வரை லைனில் கை வைக்க முடியாது.

முதல் வகைக்குத் தானாக எரிகிற விளக்கு போதும். பராமரிப்பு நாளில் வெளிச்சம் பெரிதாகத் தேவைப்படாது. முற்றம் வைத்த பழைய வீடாக இருந்தால் ரேழியும் காமரா உள்ளும் மட்டும் பகலிலும் இருட்டாக இருக்கும், அங்கே ஒன்று வைத்தால் சரி. கணக்குப் போட்டு வாங்க வேண்டியது புயலுக்குத்தான். புயலைத் தாங்குகிற ஏற்பாடு மற்ற இரண்டையும் தானாகவே சமாளித்துவிடும்.

முதலில் வாட்-அவர் கணக்கு

விளக்கின் பெட்டியில் பேட்டரியின் கொள்ளளவை எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர்-அவர் என்று போட்டிருப்பார்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு விளக்குகளை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் பேட்டரிக்குப் பேட்டரி வோல்டேஜ் மாறும். எம்ஏஎச்சை 1000-ஆல் வகுத்து, பேட்டரியின் வோல்டேஜால் பெருக்குங்கள். வருவது வாட்-அவர். விளக்கில் உள்ள உண்மையான சரக்கு அதுதான்.

லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். 1200 எம்ஏஎச் என்றால் 1.2 பெருக்கல் 3.7, அதாவது 4.4 வாட்-அவர். உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் தின்றுவிடும், அதற்கு 15 சதவீதம் கழித்தால் 3.8. விளக்கு 3 வாட் எடுக்குமென்றால் ஒன்றேகால் மணி நேரம் எரியும். பெட்டியில் 4 மணி நேரம் என்று எழுதியிருந்தால், அது குறைந்த வெளிச்சத்தில் எரியவிட்ட கணக்கு. பொய் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது.

ஈய-அமில பேட்டரி வைத்த பெரிய விளக்குகளில் பெரும்பாலும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். பெருக்கினால் 27 வாட்-அவர். ஆனால் இந்த வகையை முழுக்கக் காலி செய்தால் சீக்கிரம் செத்துப்போகும். பாதிதான் நம் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 13.5 வாட்-அவரில் 3 வாட் விளக்கு நாலரை மணி நேரம் எரியும்.

வெளிச்சத்துக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லுமென் அளவில் தரும். ஒரு மெழுகுவர்த்தி 12 லுமென் சுற்றளவில்தான். கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட 150 முதல் 200 லுமென் போதும், அதாவது 2 வாட். படிக்கிற மேஜைக்கும் அதே 2 வாட், ஆனால் தலைக்கு மேலே தொங்கவிடாமல் மேஜைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுக்களைக்கு ஒன்றரை வாட். ராத்திரி எழுந்து நடக்க 0.2 வாட்டே தாராளம். இருட்டுக்குக் கண் பழகிய பிறகு அதற்கு மேல் எரிப்பது வீண்.

இதை ஒரு ராத்திரிக்குக் கூட்டிப் பாருங்கள். கூடத்து விளக்கு 6 மணி முதல் 10 மணி வரை 8 வாட்-அவர். அடுக்களை இரண்டு மணி நேரம், 3. ராவிளக்கு எட்டு மணி நேரம், 1.6. டார்ச்சை விட்டுவிட்டு அடிப்பது மொத்தம் அரை மணி என்றால், 1. ஆக ஒரு ராத்திரிக்கு 14 வாட்-அவர், மூன்று ராத்திரிக்கு 42. ஆனால் கடைகளில் கிடைக்கும் சின்ன சார்ஜ் விளக்கு ஒன்றில் 4 முதல் 10 வாட்-அவர்தான் இருக்கிறது. ஒரே விளக்கை வைத்துப் புயலைத் தாண்ட முடியாதது இதனால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

பேட்டரி வகை: விளக்கின் ஆயுள் இதில்தான்

ஈய-அமிலம் கனமாக இருக்கும், விலை குறைவு, எந்த எலக்ட்ரிக் கடையிலும் மாற்று பேட்டரி கிடைக்கும். இதன் பெரிய எதிரி சும்மா கிடப்பது. சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் பரணில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறாது. சித்திரையில் வாங்கி, ஒரு முறை எரித்துப் பார்த்துவிட்டு, ஐப்பசியில் எடுத்தால் எரியாததற்குக் காரணம் இது. விளக்கு மட்டம் என்று நாம் திட்டுவோம்.

லித்தியம் அயான் இலகுவானது, சும்மா வைத்தாலும் சார்ஜை நன்றாகத் தாங்கும். வெக்கையும் அளவுக்கு மீறிய சார்ஜும்தான் அதற்கு ஆகாது. ஓட்டுக்கு அடியிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ, ஜன்னல் வெயிலிலோ வைத்தால் இரண்டே வருஷத்தில் பாதிக் கொள்ளளவு போய்விடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மூன்றாவது. 3.2 வோல்ட். வெக்கையை இது மற்ற லித்தியத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆயிரம் இரண்டாயிரம் தடவை சார்ஜ் போட்டு இறக்கினாலும் தளராது. தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. சோலார் லாந்தர்களில் இது வருகிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் தினமும் எரிக்கப்போகிற விளக்கு என்றால் இதையே தேடி வாங்குவது மேல்.

பென்சில் செல் போடுகிற டார்ச் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். எல்லா சார்ஜும் தீர்ந்த ஆறாவது நாள், பெட்டிக்கடையில் செல் வாங்கிப் போட்டு எரிக்க முடிகிற ஒரே விளக்கு அதுதான். ஆனால் செல்லை உள்ளேயே போட்டு வைக்காதீர்கள். கசிந்தால் ஸ்பிரிங் முழுக்கப் பூத்துப்போகும். செல்லைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, டார்ச்சோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

இன்வெர்ட்டர் பல்பு: எல்லாரும் வாங்குவது, சிலருக்கே புரிவது

சாதாரண ஹோல்டரில் மாட்டுகிற 9 வாட் சார்ஜ் பல்பு இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. கரண்ட் இருக்கும்போது மற்ற பல்பைப் போல எரியும், எரிந்துகொண்டே சார்ஜும் ஏற்றிக்கொள்ளும். கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லில் எரியும். சின்ன பவர் கட்டுகளுக்கு இதைப்போல வசதி வேறு இல்லை. ஆனால் இதில் நாலு சூட்சுமம் இருக்கிறது.

ஒன்று, சுவிட்ச் ஆனில் இருந்தால்தான் சார்ஜ் ஏறும். முழு சார்ஜுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். பூஜை அறையில் மாட்டினால் தினம் இருபது நிமிஷம்தான் எரிகிறது, செல் எப்போதும் பாதிப் பட்டினியிலேயே கிடக்கும். தினமும் நாலைந்து மணி நேரம் எரிகிற கூடத்திலோ திண்ணையிலோ மாட்டுங்கள். வேறு இடத்தில்தான் வேண்டுமென்றால், மாதம் ஒரு முறை கழற்றிக் கூடத்து ஹோல்டரில் ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டு மாற்றுங்கள்.

இரண்டு, 9 வாட் என்பது கரண்ட் இருக்கும்போது. பேட்டரியில் எரியும்போது வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. அப்படி இறங்குவதால்தான் மூன்று நாலு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது.

மூன்றாவதுதான் பலருக்கும் பிடிபடாதது. சுவரில் சுவிட்சை நாம் அணைத்தோமா, கரண்ட் போய்விட்டதா என்று அந்தப் பல்புக்கு எப்படித் தெரியும்? தன் இரண்டு முனைகளுக்கும் நடுவே வெளியில் ஏதாவது பாதை இருக்கிறதா என்று ஒரு சிறு மின்னோட்டத்தால் தட்டிப் பார்க்கிறது. சுவிட்ச் ஆனில் இருந்தால் வீட்டு வயரிங், ஃபேன், தெருவில் நிற்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் சுருள் என்று ஏதோ ஒரு வழியாகப் பாதை கிடைக்கும். உடனே எரியும். சுவிட்சை அணைத்தால் பாதை அறுந்துபோகும், எரியாது. கையில் எடுத்து அடியில் இருக்கும் இரண்டு முனைகளையும் விரலால் தொட்டால் எரிவதும் இதனால்தான், நம் விரலே பாதை ஆகிவிடுகிறது.

புயல் ராத்திரியில் இது இடக்கு பண்ணும். பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, எல்லாப் பொருள்களையும் அணைத்துவிட்டால் வெளியில் பாதையே இருக்காது. சுவிட்ச் ஆனில் இருந்தும் பல்பு மௌனமாக இருக்கும். பல்பு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மெயினை இறக்கிய பிறகு ஒரு ஃபேனின் சுவிட்சை மட்டும் போட்டு, ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்தால் அதன் சுருள் வழியாகப் பாதை கிடைத்துப் பல்பு எரிய வாய்ப்பு உண்டு. அல்லது பல்போடு பெட்டியில் வரும் ஹோல்டர் மூடியை அடியில் மாட்டித் தனியாகத் தொங்கவிடலாம். அந்த மூடியை யாரும் பத்திரமாக வைப்பதில்லை. பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. கரண்ட் வந்ததும் ஃபேன் சுவிட்சை அணைக்க மறக்காதீர்கள்.

நாலாவது, மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் மாட்டாதீர்கள். வெக்கை வெளியேற வழியில்லாமல் செல் உப்பிவிடும். ஒன்றரை வருஷத்தில் பேட்டரி செத்து வெறும் பல்பாக நிற்பவற்றில் பல இப்படி மாட்டியவைதான்.

வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால், அந்த லைனில் சார்ஜ் பல்பு மாட்டுவது பணத்தை வீணாக்குவது. இன்வெர்ட்டர் லைன் போகாத கொல்லைக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் வாங்குங்கள். இன்வெர்ட்டரும் புயலுக்குக் காவல் என்று நம்பிவிட வேண்டாம். இரண்டு பழைய ஃபேனும் நாலு விளக்கும் ஓடினால் ஒரு ராத்திரியைத் தாண்டாது. ஃபேனை நிறுத்திவிட்டு இரண்டே விளக்கில் ஓட்டினால், வாரத்தின் பெரும்பகுதியை ஓட்டலாம்.

கொல்லைக்கு டார்ச்

கூடத்து லாந்தர் சுற்றிலும் வெளிச்சம் பரப்பும், தரையில் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று காட்டாது. மழை ராத்திரியில் வயலில் தண்ணீர் ஏறும்போது பாம்புகள் மேட்டைத் தேடி வரும். வைக்கோல் போர், விறகுக் குவியல், கட்டுத்தறி எல்லாம் அவற்றுக்கு மேடுதான். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். ஆகவே டார்ச் தனியாக வேண்டும், குவிந்த ஒளி வேண்டும், கையில் ஒரு பட்டனில் எரிய வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மங்கல், பளிச்சு, மின்னல், ஆபத்து சிக்னல் என்று சுற்றிவருகிற டார்ச் அவசரத்துக்கு எரிச்சல்தான். பட்டனை அழுத்தினால் நேராக எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைவதைத் தேடி எடுங்கள்.

மழையில் எடுத்துப்போவதால் ஐபி எண் பாருங்கள். ஐபி 44 என்றால் சாரலைத் தாங்கும். ஐபி 65 என்றால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும். ஐபி 67 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி கிடந்தாலும் பிழைக்கும், வாய்க்காலில் தவறி விழுந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் இந்த எண்ணெல்லாம் செல்லும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக்காற்று. பித்தளை, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் துளையையும் ஸ்பிரிங்கையும் காய்ந்த பழைய பல் பிரஷால் தேய்த்துவிட்டு, விளக்கை மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் விளக்கைப் போட்டால் ஈசலும் பச்சைத் தத்துப்பூச்சியும் சாப்பாட்டுத் தட்டில் விழும். நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சியை அதிகம் இழுக்கும், மஞ்சள் கலந்த ஒளி குறைவாக இழுக்கும். பெட்டியில் 6500 கே என்று இருந்தால் நீல வெள்ளை, 3000 கே என்றால் மஞ்சள். கூடத்துக்கு 3000 வாங்குங்கள். மஞ்சள் ஒளி மங்கல் என்று கடையில் சொல்வார்கள், 200 லுமென் என்றால் இரண்டிலும் 200 லுமென்தான்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

லித்தியம் பேட்டரியிலோ அதன் பெட்டியிலோ பிஐஎஸ் எனும் இந்தியத் தர அமைப்பின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் யார் தயாரிப்பு என்று காட்டும். பெட்டியில் இருக்கும் பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

18650 என்ற வகை செல், விரல் தடிமனில் உருளையாக இருக்கும். இன்றைக்கு உள்ள நல்ல செல்லிலேயே 3500 எம்ஏஎச் சுற்றளவுக்கு மேல் ஏற்ற முடியாது. சந்தைக் கடையில் 9900 என்று அச்சடித்த செல் கிடைக்கும். அது நடக்காத காரியம். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், கையில் எடுத்தால் வெறும் பிளாஸ்டிக் போல் இலேசாக இருப்பதைத் தொடாதீர்கள்.

வாட் பொய்யையும் கடையிலேயே பிடித்துவிடலாம். டார்ச்சில் 50 வாட் என்று போட்டிருக்கிறது, சார்ஜருக்கு 5 வோல்ட் 1 ஆம்பியர், 5 மணி நேரத்தில் முழு சார்ஜ் என்றும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் தருவது 5 வாட், ஐந்து மணி நேரத்தில் 25 வாட்-அவர். 50 வாட்டில் எரிந்தால் அரை மணிகூடத் தாங்காது. அது நிஜத்தில் 5 வாட் டார்ச்சாகத்தான் இருக்கும். 5 வாட் டார்ச் நல்ல டார்ச்தான், விலையை மட்டும் 5 வாட்டுக்கே கொடுங்கள்.

சார்ஜ் ஏற்றும் வழியைப் பாருங்கள். பின்பக்கம் மடக்குகிற இரண்டு முள்ளை நேராக பிளக்கில் சொருகும் மலிவு விளக்குகள் பலவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட் நேராக உள்ளே போகிறது. சார்ஜ் ஏறும்போது உள்பாகமெல்லாம் லைவ். மூடி விரிசல் விட்டிருந்தாலோ, ஈரக் கையால் எடுத்தாலோ ஷாக் அடிக்கும். பிள்ளைகள் எடுக்கும் உயரத்தில் இதை வைக்கக் கூடாது. இதில் இன்னொரு குறையும் உண்டு. மோட்டார் செட்டெல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினால், சார்ஜும் அதே அளவு மந்தமாகிவிடும். யூஎஸ்பி வயரில் ஏறும் விளக்குக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. செல்போன் சார்ஜர், பவர் பேங்க், டிராக்டர் சாக்கெட், சோலார் எதிலிருந்தும் ஏற்றலாம். ஆகவே யூஎஸ்பியே வாங்குங்கள்.

யூஎஸ்பியிலும் ஒரு சின்னப் பொறி. சி-டைப் துளை இருக்கும் மலிவு விளக்குகள் சில, இரண்டு பக்கமும் சி-டைப் உள்ள வயரில் சார்ஜே ஏறாது, ஒரு பக்கம் பழைய அகலமான முனை உள்ள வயரில் மட்டும் ஏறும். துளைக்குப் பின்னால் போட வேண்டிய இரண்டு ரெசிஸ்டரை மிச்சம் பிடித்ததன் விளைவு. பெட்டியில் வரும் வயரைத் தொலைக்காமல் விளக்கோடு சுற்றி வையுங்கள்.

எரியும் விளக்கை செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம். கொல்லைக்குப் பரவாயில்லை, படிக்கிற மேஜைக்கு வேண்டாம்.

வாங்கிய வாரத்திலேயே ஒரு சோதனை

மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். முழு சார்ஜ் ஏற்றி, மாலை 6 மணிக்கு விளக்கைப் போட்டு, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஒரு செய்தித்தாள். அரை மணிக்கு ஒரு முறை அதே தூரத்தில் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். சிரமப்பட்டுப் படிக்க வேண்டியிருக்கும் நேரம்தான் அந்த விளக்கின் நிஜ நேரம். முழுக்க அணைகிற நேரத்தை எழுத வேண்டாம். சில விளக்குகள் மின்மினி போல இன்னும் மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டிருக்கும், அதைக் கணக்கில் சேர்த்துத்தான் பெட்டியில் 8 மணி நேரம் என்று போடுகிறார்கள். கண்ட நேரத்தையும் தேதியையும் ஸ்கெட்ச் பேனாவால் விளக்கின் அடியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த புரட்டாசியில் மறுபடி சோதிக்கும்போது பாதிக்குக் கீழே வந்திருந்தால் பேட்டரி மாற்றும் நேரம்.

சார்ஜ் ஏறும்போது கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ, மூடி விளிம்பில் இடைவெளி விழுந்தாலோ உடனே திருப்பிக் கொடுங்கள்.

அமாவாசைக்கு அமாவாசை

தேதி வைத்துச் செய்வது மறந்துபோகும், அமாவாசை மறக்காது. அன்றைக்கு வீட்டில் உள்ள எல்லா விளக்கையும் எடுத்து ஐந்து நிமிஷம் எரியவிட்டு, சார்ஜில் போடுங்கள். சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்கிற விளக்கு எது, நிற்காதது எது என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய ஈய-அமில விளக்குகளில் பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. 10 முதல் 12 மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் சொருகியே வைத்தால் உள்ளே இருக்கும் அமிலத் தண்ணீர் வற்றிப் பேட்டரி உப்பும்.

கரண்ட் போனதும் தானாக எரிகிற விளக்கில் ஆட்டோ என்று ஒரு நிலை இருக்கும். பிளக்கிலிருந்து பிடுங்கி, அந்த நிலையிலேயே அலமாரியில் வைத்தால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து விளக்கு அலமாரிக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். வைக்கும்போது ஆஃப் நிலைக்குத் தள்ளிவிட்டு வையுங்கள்.

ஈய-அமில விளக்கு எரியவில்லையென்றால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. 10 மணி நேரம் சார்ஜ் ஏற்றி, பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பின்மூடி ஸ்க்ரூவைக் கழற்றி, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். நல்ல 6 வோல்ட் பேட்டரி 6.3-க்கு மேல் காட்டும். 6-க்குக் கீழே நின்றால் உள்ளே ஒரு அறை செத்துவிட்டது, பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். 6.3 காட்டியும் எரியவில்லையென்றால் சுவிட்சிலோ, கழன்ற வயரிலோ கோளாறு. புதிய பேட்டரி மாட்டும்போது சிவப்பு வயர் கூட்டல் முனைக்கு. மாற்றி மாட்டினால் சர்க்யூட் அந்த நொடியே போகும். பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்கு விலை உண்டு.

உப்பிய லித்தியம் செல்லைக் குத்தவோ, அமுக்கவோ, கடைசியாக ஒரு முறை என்று சார்ஜ் போடவோ கூடாது. காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில், வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, பழைய மின்னணுப் பொருள் எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். குப்பைத்தொட்டிக்கும் வயல் வரப்புக்கும் அது ஆகாது.

சோலார் வேண்டுமா?

மூன்று நாளைக்கு மேல் கரண்ட் வராது என்றால் வேண்டும். 5 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 12 முதல் 15 வாட்-அவர் தரும், மேலே போட்ட ஒரு ராத்திரிக் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் மப்பு நாளில் அதில் நாலில் ஒரு பங்கே வரும், புயல் அன்றைக்கும் மறுநாளும் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் நாள் வெயில் எட்டிப்பார்க்கும்போதுதான் பேனலுக்கு வேலை. தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வையுங்கள். தென்னங்கீற்றின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே பேனல் மொத்தமும் மந்தமாகிவிடும், ஏனென்றால் உள்ளே எல்லாச் செல்லும் சங்கிலியாகக் கோத்திருக்கிறது. விளக்கின் தலையிலேயே தீப்பெட்டி அளவில் ஒட்டிய பேனலை நம்ப வேண்டாம், அது பெட்டிப் படத்துக்காக.

புயல் எச்சரிக்கை வந்த அன்று

வானிலை அறிக்கையில் நாகைக்கும் காரைக்காலுக்கும் எச்சரிக்கைக் கூண்டு எண் ஏறத் தொடங்கியதும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கரண்ட் எப்போது நிறுத்தப்படும் என்று சொல்ல முடியாது, காற்று வேகமெடுத்தால் பாதுகாப்புக்காக முன்பே நிறுத்திவிடுவார்கள். முதலில் பவர் பேங்க், அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். 20000 எம்ஏஎச் பவர் பேங்கில் 74 வாட்-அவர் இருக்கிறது, 5 வோல்ட்டாக மாறி வெளியே வருவது 60 அளவில். 1 வாட் யூஎஸ்பி விளக்கு ஒன்றை அதில் சொருகினால் 50 மணி நேரத்துக்குக் குறையாமல் எரியும். 0.2 வாட் ராவிளக்கைச் சொருகினால் மட்டும் கொஞ்ச நேரத்தில் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும், எதுவும் மாட்டவில்லை என்று அவை எடுத்துக்கொள்ளும். ராவிளக்குக்குத் தனியாக ஒரு சின்ன சார்ஜ் விளக்கை ஒதுக்குங்கள்.

2600 எம்ஏஎச் லாந்தர் இரண்டு, பவர் பேங்க் ஒன்று, யூஎஸ்பி விளக்கு ஒன்று, டார்ச் ஒன்று. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று ராத்திரியை இது தாண்டவைக்கும், அதற்கு மேலும் செல்போனுக்கு 30 வாட்-அவர் மிஞ்சும். ஸ்மார்ட்போன் ஒரு முழு சார்ஜுக்கு 19 வாட்-அவரை விழுங்கும். பட்டன் போனுக்கு 4 போதும். சிம்மை மாற்றிப் போட ஒரு பட்டன் போன் இருந்தால் வாரம் முழுக்கப் பேசலாம்.

பேனலைக் கொட்டகைக் கூரையிலிருந்து இறக்கி உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வயலில் தேட வேண்டியிருக்கும். டார்ச் ஆளுக்கு ஒரு இடத்தில் வேண்டாம், வாசல் நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரே ஆணி, இருட்டில் கை நீட்டினால் கிடைக்க வேண்டும். கீற்றுக் கொட்டகையிலும் வைக்கோல் பக்கத்திலும் மெழுகுவர்த்தியோ சிம்னியோ வேண்டவே வேண்டாம்.

விடிந்து வெளியே போகும்போது தரையில் கிடக்கும் எந்தக் கம்பியையும் கரண்ட் இல்லை என்று நினைத்துத் தாண்டாதீர்கள், தண்ணீர் தேங்கிய இடத்தில் அறவே கூடாது. பக்கத்தில் எங்காவது ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ தப்பாக இணைத்திருந்தால், நிறுத்திய லைனிலும் திரும்ப மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இதைப் போனில் மட்டும் வைக்காமல், சார்ஜ் தீர்ந்த நாளுக்காக மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரிலும் உங்கள் மின் இணைப்பு எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். புகார் சொல்லும்போது முதலில் கேட்பது அந்த இணைப்பு எண்ணைத்தான்.